நினைத்தாலே முக்தி... ஆனா எதை நினைக்கிறோம்?

ஓம் சரவணபவ 🙏



எங்க ஊர்க்காரங்களுக்கு ஒரு பெருமை உண்டு. சிதம்பரத்தைப் பார்த்தால் முக்தி, திருவாரூரில் பிறந்தால் முக்தி, காசியில் இறந்தால் முக்தி. திருவண்ணாமலைக்கு மட்டும் அப்படி எதுவும் செய்ய வேண்டாம், நினைத்தாலே போதும் என்று பெரியவங்க சொல்லி வெச்சிருக்காங்க. சின்ன வயசுல எனக்கு இது ரொம்ப சுலபமாத் தெரிஞ்சது. வேங்கிக்கால்ல எங்க வீட்டு மொட்டை மாடியில நின்னா மலை தெரியும். நினைக்கக்கூட வேண்டாம், கண்ணைத் திறந்தா போதும்.

இப்போ எனக்கு நாற்பத்தொன்பது வயசு. குடியிருக்கிறது அம்பத்தூர். மாடியில நின்னா எதிர் அப்பார்ட்மெண்டோட தண்ணி டேங்க்தான் தெரியும். மலையை நினைக்கத்தான் முடியும்.

நினைச்சா போதும்னா, எப்படி நினைச்சாலும் போதுமா? எனக்குப் பிடிச்சதை மட்டும் பொறுக்கி எடுத்து நினைச்சாலும் கணக்குல வருமா? பெரிய சாஸ்திரக் கேள்வி மாதிரி இருக்கும். எனக்கு இது ஒரு பழைய பள்ளிக்கூட போட்டோவில் ஆரம்பிச்ச கேள்வி. கொஞ்சம் நீளமாத்தான் எழுதப் போறேன். பொறுமையா படிங்க.

எங்க குரூப்

2020 ஊரடங்கு நேரத்துல, 1992-ல் பத்தாவது முடிச்ச எங்க செட் பசங்க சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பிச்சோம். ஒருத்தன் ஓசூர், ஒருத்தன் திருப்பூர், ரெண்டு பேர் துபாய், ஒருத்தன் சிங்கப்பூர், மீதிப் பேர் சென்னை, பெங்களூர். ஊர்லயே இருக்கிறவங்க ஏழெட்டுப் பேர்தான்.

முதல்லயே சொல்லிடறேன், இந்த குரூப்பைக் குறை சொல்ல நான் வரலை. கொரோனா ரெண்டாவது அலையில எங்கள்ல ஒருத்தன் மனைவியைப் பறிகொடுத்தான். ராத்திரி ரெண்டு மணிக்கு "தூக்கம் வரலைடா"ன்னு ஒரு வரி போடுவான். உடனே யாராவது ஒருத்தன் ஏரிக்கரையில ஓணானைத் துரத்தின கதையை ஆரம்பிப்பான். இன்னொருத்தன் "அது ஓணான் இல்லடா, உடும்பு"ன்னு சண்டைக்கு வருவான். விடியற வரைக்கும் ஓடும். அந்தக் கதைகள்தான் அவனை இழுத்துப் பிடிச்சு வெச்சதுன்னு அவனே பிறகு சொன்னான். பழைய நினைவுக்கு அந்த சக்தி உண்டு. அதை மறுக்க முடியாது.

என்ன பேசுவோம்? வேங்கிக்கால் ஏரியைப் பேசுவோம். ஐப்பசி மழையில ஏரி நிரம்பி கோடி போனா, அந்தத் தண்ணியில துண்டு விரிச்சு மீன் பிடிச்சதைப் பேசுவோம். வேலூர் ரோட்டுல ஒரே சைக்கிள்ல மூணு பேர் போனது. பள்ளிக்கூட வாசல்ல ஆயா வித்த வேகவெச்ச மரவள்ளிக் கிழங்கு, உப்பும் மிளகாய்த்தூளும் தடவின மாங்காப் பத்தை, சேமியா ஐஸ். 1989 செப்டம்பர் 30-ம் தேதி வட ஆற்காட்டுல இருந்து பிரிஞ்சு திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆச்சு, அப்போ நாங்க எட்டாவது. பிற்பாடு கலெக்டர் ஆபீஸ் எங்க வேங்கிக்காலுக்கே வந்தது.

எல்லாத்துக்கும் மேல கார்த்திகை தீபம். சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லா வீட்டு மாடியிலயும் ஜனம் நிக்கும். உச்சியில ஜோதி தெரிஞ்சதும் ஊர் முழுக்க ஒரே குரல், "அண்ணாமலையாருக்கு அரோகரா!" அதுக்கப்புறம்தான் வாசல்ல அகல் ஏத்துவாங்க. நாங்க மாவளி சுத்தக் கிளம்புவோம். பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, துணியில பொட்டலம் கட்டி, பனை மட்டைக்கு நடுவுல வெச்சு, கயிறு கட்டிச் சுத்தினா நெருப்புப் பொறி பூவாக் கொட்டும். சட்டையில ஓட்டை விழாத வருஷமே கிடையாது.

இதையெல்லாம் எழுதறப்ப இப்பவும் எனக்குத் தொண்டை அடைக்குது.

நாற்பத்தொரு பேர்

2024 கார்த்திகை மாசம் பிறந்த புதுசுல, திருப்பூர் நண்பன் ஒரு போட்டோ போட்டான். பத்தாவது கடைசியில எடுத்த குரூப் போட்டோ. கருப்பு வெள்ளை. ஓரம் கரையான் அரிச்சிருந்தது. முன்னால நாற்காலியில ஆசிரியர்கள், பின்னால மூணு வரிசையா நாங்க. குரூப்பே அமளிதுமளி. ஆளாளுக்குப் பேரைக் கண்டுபிடிச்சு வரிசையா டைப் பண்ணாங்க. ராத்திரிக்குள்ள நாற்பத்தொரு பேரும் வந்துடுச்சு. அட்மின் எழுதினான்: "மச்சிங்களா, எல்லாரும் இருக்கோம்டா. ஒருத்தன்கூட விட்டுப் போகலை."

நானும் அதுக்கு ஒரு சிவப்பு இதயம் போட்டேன்.

படுத்ததுக்கு அப்புறம்தான் உறைச்சது. எங்க வகுப்புல நாற்பத்திரண்டு பேர். வருகைப் பதிவேட்டுல என் பேருக்கு அடுத்த பேர் அவனோடது. தினமும் காலையில நான் "உள்ளேன் ஐயா" சொன்ன மறு நொடி அவன் குரல் வரும். முப்பத்திரண்டு வருஷம் கழிச்சு அந்த இருட்டுல அந்தக் குரல் எனக்குக் கேட்டுச்சு.

அவன் பேரை இங்க எழுதலை. வேண்டாம்னு அவனே சொல்லிட்டான்.

பத்து ரூபாய்

அவன் அம்மா சித்தாள் வேலைக்குப் போவாங்க. அப்பா கிடையாது. பௌர்ணமி ராத்திரிகள்ல கிரிவலப் பாதையில ஒரு டீக்கடையில கிளாஸ் கழுவுவான். அடுத்த நாள் கிளாஸ்ல தூங்கி வழிவான், அடி வாங்குவான். அப்படிச் சேத்த காசுல போட்டோவுக்குன்னு பத்து ரூபாய் எடுத்து வெச்சிருந்தான்.

போட்டோவுக்கு ஆளுக்குப் பத்து ரூபாய். எங்கப்பா எனக்குக் கொடுத்துட்டார். அப்போ ஆஸ்திரேலியாவுல உலகக் கோப்பை கிரிக்கெட் நடந்துக்கிட்டு இருந்தது. எங்க தெரு டீமுக்குப் புது மட்டை வாங்க ஆளுக்குப் பங்கு போட்டாங்க. என் பத்து ரூபாய் அதுல போயிடுச்சு. வீட்டுல திரும்பக் கேட்டா முதுகுத்தோல் உரிஞ்சிடும். அவன்கிட்ட கேட்டேன். "போட்டோ அன்னிக்குள்ள திருப்பிக் குடுத்துடறேன்டா."

அவன் எதுவும் யோசிக்கலை. டவுசர் பாக்கெட்டுல இருந்து எடுத்துக் குடுத்தான். ரெண்டா மடிச்ச ஒரு அஞ்சு ரூபா நோட்டு, மீதி சில்லறை.

நான் திருப்பிக் குடுக்கலை. குடுக்கணும்னு நினைச்சேன். நாள் தள்ளிப் போச்சு. போட்டோ அன்னிக்குக் காலையில பணம் கட்டாதவங்க பேரை வாசிச்சாங்க. ஒரே ஒரு பேர். அவன் என் பக்கம் திரும்பினான். நான் ஷூ லேஸைக் கட்டற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன். எனக்கு ஷூவே கிடையாது. செருப்பு. அதுதான் இன்னிக்கும் எனக்குத் தாங்கலை.

"எனக்கு போட்டோல நிக்கப் புடிக்காது சார்"னு சொல்லிட்டு அவன் வேப்ப மரத்தடியில போய் உக்காந்துட்டான். அப்புறம் போட்டோக்காரர் கூப்பிட, பெஞ்சு தூக்கிப் போட உதவி செஞ்சான். நாங்க நின்ன அந்த பெஞ்சை அவன்தான் போட்டான்.

அவன் காசுல நான் அந்த போட்டோவில நிக்கிறேன். பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிறேன்.

பரிட்சைக்கு அப்புறம் அவன் பதினொண்ணாவது சேரலை. நான் சேர்ந்தேன். அப்புறம் பாலிடெக்னிக், சென்னை, கல்யாணம், பிள்ளைங்க. அவனை மறந்தேன்னு சொன்னா பொய். நினைக்காம இருக்கப் பழகிட்டேன்.

டிசம்பர் 1

இந்த இடத்துல ஒரு விஷயம் சொல்லணும். நம்ம எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை. ஃபெஞ்சல் புயல் முந்தின நாள் ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்து, எங்க ஜில்லாவுல மழையாக் கொட்டித் தீர்த்தது. குரூப்புல அன்னிக்கு ஒரே கொண்டாட்டம். ஊர்ல இருந்த ஒருத்தன் தெருவுல ஓடற தண்ணியை வீடியோ எடுத்துப் போட்டான். துபாய்ல இருந்து ஒருத்தன், "ஆஹா, நம்ம ஊர் மழை! காகிதக் கப்பல் விட்டது ஞாபகம் இருக்கா மச்சி?" சிங்கப்பூர்க்காரன், "ஏரி கோடி போகுதா? மீன் பிடிக்கப் போங்கடா." நானும் எழுதினேன், "மண் வாசனை இங்க வரைக்கும் அடிக்குது."

அன்னிக்கு சாயங்காலம் வ.உ.சி. நகர்ல மலைச் சரிவு இடிஞ்சு ஒரு வீட்டு மேல விழுந்தது. ஏழு பேர். அதுல அஞ்சு பேர் குழந்தைங்க. பாறையையும் சேத்தையும் அகற்றி அவங்களை எடுக்கறதுக்கு அடுத்த நாள், அதுக்கடுத்த நாள்னு ஆச்சு.

நாங்க எந்த மலையை நினைச்சா முக்தின்னு ஃபார்வர்டு பண்ணிக்கிட்டு இருந்தோமோ, அந்த மலை.

குரூப் அமைதியாயிடுச்சு. அஞ்சலிப் படங்கள் வந்தது. நான் என் மெசேஜுக்குத் திரும்பப் போய்ப் பார்த்தேன். மண் வாசனை! அதை அழிக்கலாம்னு போனேன். நேரம் தாண்டிப் போச்சு, அழிக்க முடியலை. இப்பவும் அங்க இருக்கு.

அன்னிக்குதான் எனக்குப் புரிஞ்சது. நாங்க நினைச்சது ஊரை இல்லை. எங்க பன்னெண்டு வயசை. அந்தப் பன்னெண்டு வயசுக்கு ஊர் வெறும் பின்னாடி தொங்கற திரை. திரைக்குப் பின்னால யார் இருக்கா, அவங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சான்னு நாங்க ஒரு தடவைகூட கேக்கலை. அந்த நாள் முழுக்க எங்க குரூப்புல "ஞாபகம் இருக்கா?" அப்படிங்கிற கேள்விதான் இருந்துச்சு. "எப்படி இருக்கே?" அப்படிங்கிற கேள்வி ஒண்ணுகூட இல்லை.

பெரியவங்க எப்படி நினைச்சாங்க?

நம்ம அருணகிரிநாதரை எடுத்துக்கங்க. பதினஞ்சாம் நூற்றாண்டுல இதே அருணையில வாழ்ந்தவர். தன் வாழ்க்கை மேல வெறுப்பு வந்து வல்லாள மகாராஜா கோபுரத்துல இருந்து குதிச்சப்ப முருகன் தாங்கிக்கிட்டான்னு நமக்கெல்லாம் தெரியும். கோபுரத்திளையனார் சன்னதி அங்கதான் இருக்கு. பிரபுடதேவராயர் முன்னால தூண்ல முருகன் காட்சி கொடுத்த கம்பத்திளையனார் சன்னதியையும் கும்பிட்டிருப்பீங்க.

திருப்புகழ் பாராயணம் பண்றவங்க கவனிச்சிருப்பீங்க. பல பாட்டுகள் முருகனைப் புகழ்ந்து ஆரம்பிக்காது. தன் அழுக்கைச் சொல்லித்தான் ஆரம்பிக்கும். எங்கெல்லாம் மயங்கினேன், எப்படியெல்லாம் வீணாப் போனேன்னு சொல்லிட்டு, அதுக்கப்புறம்தான் முருகனைக் கூப்பிடுவார். அவர் நினைச்சிருந்தா அந்தப் பகுதியை விட்டுட்டுப் பாடியிருக்கலாம். முருகன் தாங்கிப் பிடிச்ச பிறகு பழைய கதை எதுக்கு? ஆனா அவர் விடலை. தன் குறையை மறைச்சுட்டு நினைக்கிற நினைப்பை அவர் முருகன்கிட்டயே கொண்டு போகலை.

ரமண பகவானை எடுத்துக்கங்க. காவ்யகண்ட கணபதி முனி அவரை முருகனோட அவதாரமாவே கண்டார். 1896-ல், பதினாறு வயசுல, மதுரையில அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில படிச்சுக்கிட்டு இருந்த பையன். அண்ணனோட காலேஜ் சம்பளம் கட்டறதுக்குன்னு வீட்டுல பணம் இருந்தது. பெட்டியில இருந்து அஞ்சு ரூபாய் எடுத்துக்கிட்டுப் போய்க் கட்டச் சொன்னார் அண்ணன். அதுல மூணு ரூபாயை மட்டும் வழிச்செலவுக்கு எடுத்துக்கிட்டார். மீதி ரெண்டு ரூபாயை வீட்டுல வெச்சு, சம்பளம் இன்னும் கட்டலைங்கிற விவரத்தையும் சீட்டுல எழுதிட்டுத்தான் அண்ணாமலைக்குக் கிளம்பினார். செப்டம்பர் 1-ம் தேதி இங்க வந்து சேர்ந்தார்.

யோசிச்சுப் பாருங்க. வீடு, படிப்பு, பேரு எல்லாத்தையும் விட்டுட்டுப் போறவர். அவருக்கு ரெண்டு ரூபாய் கணக்கு என்னத்துக்கு? ஆனா கணக்கைச் சொல்லிட்டுத்தான் போனார். நான் பத்து ரூபாயைத் துறக்காமலே, கணக்கை மட்டும் துறந்துட்டேன்.

இன்னொண்ணு. அவரோட சின்ன வயசுத் தோழர் விளாச்சேரி ரங்க ஐயர் பிற்காலத்துல ஆசிரமத்துக்கு வருவார். பழைய உரிமையோட பேசிக்குவாங்க. அவ்வளவு பெரிய ஞானி, "அதெல்லாம் மாயை, போ"ன்னு அனுப்பலை. பழைய தோழனோட குடும்பக் கவலையையும் கேட்டுக்கிட்டார்னு படிச்சிருக்கேன். பால்ய சிநேகிதம் தப்புன்னா அவர் அதை வெச்சுக்கிட்டு இருந்திருக்க மாட்டார்.

இன்னும் ஒரு படி மேல போனா, அண்ணாமலையாரே இருக்கார். பிள்ளையில்லாத வல்லாள மகாராஜாவுக்குத் தானே பிள்ளையா இருந்து கர்மம் செய்யறேன்னு வாக்குக் கொடுத்தார் என்பது தல வரலாறு. வருஷா வருஷம் மாசி மகத்தன்னிக்குப் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி இன்னிக்கும் அந்தத் திதியைக் கொடுத்துட்டு வர்றார். வல்லாளனை நினைச்சு சுவாமி கோயிலுக்குள்ளயே உக்காந்திருக்கலாம். அப்படி இருக்கலை. ஆத்தங்கரை வரைக்கும் போய்க் கடனைத் தீர்க்கிறார்.

இந்த ஊர்ல நினைக்கிறதுன்னா இதுதான் அர்த்தம்னு எனக்குத் தோணிச்சு. நினைச்சவங்க எல்லாரும் எழுந்து எங்கயோ போயிருக்காங்க.

மேஸ்திரி

பொங்கலுக்கு ஊருக்குப் போனேன். அவனைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம்கூட ஆகலை. முப்பத்திரண்டு வருஷமா கண்டுபிடிக்க முடியாத இடத்துல அவன் இல்லவே இல்லை. எங்க வீட்டுல இருந்து நாலு தெரு தள்ளி இருந்தான். டைல்ஸ் ஒட்டற மேஸ்திரி. ஒரு புது வீட்டுல வேலையில இருந்தான். முட்டிக்குக் கீழ சாக்குத் துணி கட்டிக்கிட்டு, தரையில மட்டப்பலகை வெச்சுப் பார்த்துக்கிட்டு இருந்தான். தலை முழுக்க நரை.

நிமிர்ந்து பார்த்தவன் உடனே அடையாளம் கண்டுக்கிட்டான். "இன்னாடா, எம்மா நாளாச்சு. அம்மா நல்லாக்கீறாங்களா?"

முதல் கேள்வியே அதுதான்.

வெளியில டீ வாங்கிக் குடிச்சோம். நான் போட்டோ விஷயத்தை எடுத்தேன். கவர்ல அஞ்சாயிரம் ரூபாய் வெச்சிருந்தேன். அதை நீட்டினேன். அவன் கவரைப் பிரிச்சு எட்டிப் பார்த்தான். சிரிக்கலை.

"ஞாபகம் கீது. பத்து ரூபா. இது இன்னா இவ்ளோ?"

"வட்டின்னு வெச்சுக்கோ."

"வட்டிக்கா உட்டேன் உன்கிட்ட? பத்து ரூபா குடு."

பர்ஸைத் துழாவினேன். எல்லாத்துக்கும் போன்லயே பணம் போடற காலம், பத்து ரூபாய் நோட்டு எங்க இருக்கு? ஒரு பத்து ரூபாய் காசு கிடைச்சது. நீட்டினேன். "இத்த நம்மூரு கடையில வாங்க மாட்டான், நோட்டாக் குடு"ன்னான். கடைசியில டீக்கடைக்காரர்கிட்ட மாத்தி ஒரு நோட்டு வாங்கிக் குடுத்தேன். வாங்கி, ரெண்டா மடிச்சு, சட்டைப் பாக்கெட்டுல வெச்சுக்கிட்டான். "செரி. தீந்துச்சு"ன்னான்.

எனக்குத் தீரலை. மன்னிப்புக் கேட்டேன். அவன் கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கிட்டு இருந்தான்.

"அன்னிக்குக் காசு போச்சேன்னு இல்லடா. நீ குனிஞ்ச பாரு, அதான். செரி, உடு. சின்னப் பசங்க."

குரூப்பைப் பத்திச் சொன்னேன். நம்ம ஏரி, நம்ம வாய்க்கால், மாவளி, மரவள்ளிக் கிழங்குன்னு எல்லாம் பேசறோம், உன்னையும் சேத்துடறேன்னு சொன்னேன். அதுக்கு அவன் சொன்னதை அப்படியே எழுதறேன்.

"நீங்கல்லாம் போயிட்டீங்க. போனவங்களுக்குத்தான் அந்தக் காலம் இந்தக் காலம்லாம். நான் இங்கயேதான கீறேன். எனக்கு ஏரி தெனம் கண்ணு முன்னாடி கீது. நீ சொல்ற அந்த வாய்க்கா மேலதான் வூடு கட்டிக்கீறாங்க, நாலு வூட்டுக்கு நானே டைல்ஸ் போட்டேன். போடாம இன்னா பண்றது, பொண்ணு நர்சிங் படிக்குது. போன மாசம் மழையில என் வூட்டாண்ட முட்டி அளவு தண்ணி. ரெண்டு நாள் கட்டுல் மேலயே சோறு ஆக்குனோம். உங்க குரூப்ல எதுனா சொன்னாங்களா?"

மண் வாசனை அடிக்குதுன்னு நான் எழுதினதை அவன்கிட்ட சொல்ல எனக்கு தைரியம் வரலை. இங்க எழுதறேன். அவன் இதைப் படிப்பான்.

கிளம்பறப்ப சொன்னான்: "குரூப்லலாம் சேக்காத. காத்தால எழுந்தா பூ பொம்மையாப் போட்டுனு இருப்பானுங்க. அடுத்த தபா மழை பெஞ்சா ஒரு போன் போடு. தண்ணி வந்துச்சான்னு கேளு. அது போதும்."

குரூப்பில் நான் போட்டது

அம்பத்தூர் திரும்பின அன்னிக்கு ராத்திரி அந்த போட்டோவை மறுபடி எடுத்துப் போட்டு, கீழ எழுதினேன்: "எல்லாரும் இருக்கோம்னு போட்டோம். இல்லை. நாற்பத்திரண்டாவது ஆள் விட்டுப் போயிருக்கான். அது என்னால." பத்து ரூபாய் கதையை முழுசா எழுதினேன்.

ரெண்டு மணி நேரம் ஒருத்தரும் பதில் போடலை. நீல டிக் மட்டும் விழுந்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் ஒருத்தன், "இப்ப எதுக்கு மச்சி பழசைக் கிளறிக்கிட்டு? சந்தோஷமா இருக்கத்தானே குரூப்பு?" அவன் கேட்டதுல நியாயம் இல்லாம இல்லை. எல்லா இடத்துலயும் கணக்கு பார்த்தா மனுஷன் எங்க போய் இளைப்பாறுவான்? நானே முன்னால சொன்னேன், ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தனைப் பிழைக்க வெச்சது அந்த இனிப்பான பொய்களும் பாதி உண்மைகளும்தான்.

ஆனா நான் யோசிச்சுப் பார்த்தேன். பழசைக் கிளறியது நான் இல்லை. அந்த போட்டோவை எடுத்துப் போட்டப்பவே கிளறியாச்சு. பழசை எடுக்கிறதுன்னு ஆன பிறகு, இனிப்பை மட்டும் எடுத்துக்கிட்டு மீதியை மூடி வெக்கிறதுக்கு நமக்கு என்ன உரிமை இருக்கு? என்னோட இனிப்புல அவனோட பத்து ரூபாய் கலந்திருக்கு. அவன் இல்லாம அந்த இனிப்பே கிடையாது.

மனைவியை இழந்த அந்த நண்பன் மட்டும் தனியா போன் பண்ணினான். "நான் வாழ்ந்த நல்ல நாளை மட்டுமே நினைச்சு அழுதுக்கிட்டு இருந்தேன்டா. அவகிட்ட நான் கோபப்பட்ட நாளையும் இன்னிக்கு நினைச்சேன். இன்னிக்குதான் அவ முழுசா ஞாபகம் வந்தா"ன்னான். எனக்குப் பேச்சு வரலை.

இப்போ எங்க குரூப்புல ஒரு சின்ன மாற்றம். ஊர்ல மழைன்னு செய்தி வந்தா, ஊர்ல இருக்கிற ஏழெட்டுப் பேர்ல ஆளுக்கொருத்தருக்கு போன் பண்றதுன்னு பிரிச்சு வெச்சிருக்கோம். அவ்வளவுதான். பெரிய சேவை எல்லாம் இல்லை. சில பேர் செய்யறாங்க, சில பேர் செய்யறதில்லை. மரவள்ளிக் கிழங்கு கதையும் பழையபடி ஓடுது. ஓடட்டும்.

அடியார்களுக்கு ஒரு வேண்டுகோள்

முருகன் முன்னால நிக்கிறப்ப நாம எல்லாருமே ஒரு குரூப் போட்டோதான் காட்டறோம். நல்லா சிரிச்ச முகமா, தலை வாரி, திருநீறு பூசி நிக்கிறோம். அந்த போட்டோ எடுக்க பெஞ்சு தூக்கிப் போட்டவன் ஓரமா வேப்ப மரத்தடியில உக்காந்திருக்கான். முருகனுக்கு அவனும் தெரியும். ரெண்டு பக்கமும் பார்க்க ஆறு முகம் வெச்சிருக்கிறவனாச்சே.

அண்ணாமலையை நினைச்சா முக்தின்னு பெரியவங்க சொன்னது பொய்யில்லைன்னு இப்பவும் முழுசா நம்பறேன். ஆனா அண்ணாமலைன்னா அந்த உச்சியில தெரியற ஜோதி மட்டும்தான்னு நான் இவ்வளவு நாள் நினைச்சுக்கிட்டு இருந்தேன். அடிவாரத்துல முட்டி அளவு தண்ணியில கட்டில் மேல சோறு ஆக்கறவனும் அதுல சேர்த்தி. அவனை விட்டுட்டு நினைச்சா அது வேற ஏதோ மலை.

இன்னிக்கு உங்க வீட்டு பீரோவுல இருக்கிற பழைய பள்ளிக்கூட போட்டோவை ஒரு தடவை எடுத்துப் பாருங்க. யார் யார் இருக்காங்கன்னு பார்த்து முடிச்சதும், யார் இல்லைன்னு பாருங்க. தெரிஞ்சா, அவங்க இப்போ எங்க இருக்காங்கன்னு விசாரிங்க. உங்க வீட்டுல இருந்து நாலு தெரு தள்ளி இருக்கலாம்.

போகும்போது பத்து ரூபாயை நோட்டா எடுத்துக்கிட்டுப் போங்க.

வேலும் மயிலும் துணை.
வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!
அண்ணாமலையாருக்கு அரோகரா! 🙏